காதோரத் துளையை மூடியபோது: முழுத்திரை போன்களின் இயர்பீஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2016 அக்டோபர் 25 அன்று பெய்ஜிங்கில் ஷாவ்மி நிறுவனம் மி மிக்ஸ் என்ற போனை மேடையேற்றியது. 6.4 அங்குலத் திரை, பீங்கான் முதுகு, 7.9 மி.மீ. தடிமன், வடிவமைப்பில் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க்கின் கை இருந்தது. திரைக்கு மேலே விளிம்பு என்று சொல்ல ஏதும் இல்லை. செல்ஃபி கேமரா கீழே இறங்கியது. போன் காதருகே வந்ததும் திரையை அணைக்கும் உணரி மீயொலிக்கு மாறி, கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அழைப்பில் குரல் கேட்கும் இயர்பீஸ் துளை அடியோடு காணாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று மி மிக்ஸ் 2 வந்தது. மேல் ஃபிரேமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை போல ஒரு பிளவு. அதன் பின்னால் பழைய பாணி இயர்பீஸ். பதினோரு மாதம்கூட ஆகவில்லை, துளை திரும்பிவிட்டது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2018-இல் விவோ, 2019-இல் எல்ஜி, ஹுவாவே என்று வேறு நிறுவனங்கள் அதே ஆசையை வேறு வழியில் முயன்றன. அவற்றிலும் பெரும்பாலான வழிகள் கடைசியில் பிளவுக்கே வந்து சேர்ந்தன.

திரையையே ஒலியெழுப்பும் சவ்வாக்கும் யோசனை மோசமானதல்ல. தொலைக்காட்சியில் அது அருமையாக வேலை செய்கிறது. போனில் ஏன் திணறுகிறது, பிளவு வைத்தால் எத்தனை மி.மீ. வைக்க வேண்டும், வைத்த பிறகு எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பீசோ பட்டை செய்ததும் செய்யாததும்

மி மிக்ஸில் துளைக்குப் பதிலாக இருந்தது பீசோ (மின்னழுத்தத்தில் வளையும்) பீங்கான் பட்டை. ஒரு முனை ஃபிரேமோடு பிடித்திருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். மின்னழுத்தம் மாறும்போது பட்டை வளைந்து நிமிரும். அந்த உதறல் உலோக ஃபிரேமுக்கு ஏறி, ஃபிரேமும் அதோடு சேர்ந்தவையும் காற்றை அசைக்கும். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்குப் போவது போன்ற ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், வீணைக்குக் குடம் உண்டு, போனுக்கு இல்லை.

இங்கே முதல் சிக்கல் விசை. அந்தரத்தில் நிற்கும் பட்டை ஃபிரேமுக்குக் கொடுக்கும் விசை, பட்டையின் சொந்த நிறையையும் அதன் முடுக்கத்தையும் பொறுத்தது. பட்டையின் ஒத்ததிர்வுக்குக் (அது தானாகவே மிக அதிகமாக அதிரும் அதிர்வெண்ணுக்குக்) கீழே, மின்னழுத்தம் மாறாமல் இருந்தால், வளைவின் அளவும் ஏறக்குறைய மாறாது. வளைவு அதேதான், வேகம் மட்டும் குறைகிறது என்றால் முடுக்கம் அதிர்வெண்ணின் இருமடிப் பெருக்கமாகக் குறையும். அதாவது ஒவ்வோர் எண்மம் (அதிர்வெண் பாதியாவது) கீழே இறங்கும்போதும் விசை நான்கில் ஒரு பங்காகும், 12 டெசிபல் போகும். ஆண்குரலின் கனம் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலும், உயிரெழுத்துகளின் உடம்பு 300 முதல் 800 வரையிலும் இருக்கிறது. அங்கேதான் இந்தப் பட்டைக்கு மூச்சு வாங்கும். குரல் மெலிந்து, தகர டப்பாவுக்குள் பேசுவது போலக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது சிக்கல் மின்சாரம். பீசோ என்பது மின்தேக்கி போன்ற சுமை. 1 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 300 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 530 ஓம். 10,000 ஹெர்ட்ஸில் 16 ஓம். 24 வோல்ட் உச்சத்திலிருந்து உச்சம் வரை ஓட்டினால் 10,000 ஹெர்ட்ஸில் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கருக்கு வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் இதில் வெளியீட்டுப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு நின்றுவிடும், இல்லாவிட்டால் சூடாகும். இதற்கு வழக்கமான மருந்து, தொடரில் 10 ஓம் மின்தடை. 1 மைக்ரோ ஃபாரடோடு சேர்ந்து அது சுமார் 16,000 ஹெர்ட்ஸில் மேல்பகுதியை வெட்டும். பேச்சுக்கு நட்டமில்லை, ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். மின்தடையின் வாட் அளவைக் கணக்குப் பார்க்காமல் மிகச்சிறிய உறுப்பைப் போட்டால், அதிக ஒலியில் சில மாதம் ஓடியதும் அதுதான் முதலில் போகும்.

மூன்றாவது, பயனர்கள் மிக அதிகமாகக் கடிந்துகொண்டது: பேசுவது பக்கத்து இருக்கைக்குக் கேட்கிறது. பிளவு இயர்பீஸ் காதருகே ஒரு புள்ளி ஒலிமூலம். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், 1 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் நடுவே 40 டெசிபல் இறங்கிவிடும். காதில் உரக்கக் கேட்பது மேசைக்கு அந்தப்பக்கம் கிசுகிசுப்பாகக்கூடத் தேறாது. ஃபிரேமும் முதுகும் சேர்ந்து நூறு சதுர செ.மீ. பரப்பு அதிரும்போது இந்தக் கணக்கு உடைகிறது. காதுக்கு எட்டுவது அந்தப் பரப்பின் ஒரு மூலை மட்டுமே. மிச்சம் எல்லாம் ஊருக்கு.

430 ஹெர்ட்ஸும் 10 ஹெர்ட்ஸும்

சரி, ஃபிரேமை விட்டுவிட்டுக் கண்ணாடியையே நேராக அசைத்தால்? விவோ நெக்ஸ், எல்ஜி ஜி8, ஹுவாவே பி30 ப்ரோ எல்லாம் எடுத்த பாதை அதுதான். முதலில் கண்ணாடியின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

0.7 மி.மீ. கண்ணாடி, 70 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம். கண்ணாடியின் விறைப்பு 70 கிகா பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோ. இதிலிருந்து வரும் வளைவு அலையின் வேகம் அதிர்வெண்ணோடு மாறும்: 1,000 ஹெர்ட்ஸில் நொடிக்கு 83 மீட்டர், அலைநீளம் 83 மி.மீ.; 300 ஹெர்ட்ஸில் அலைநீளம் 151 மி.மீ. தொலைபேசிப் பேச்சின் கீழ் எல்லை என்று பழங்காலத்திலிருந்து சொல்லப்படும் 300 ஹெர்ட்ஸில், போனின் முழு உயரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு அலைதான் அடங்கும். அகலத்துக்கு அதுவும் இல்லை.

விளிம்புகள் சும்மா தாங்கியிருந்தால் இந்தக் கண்ணாடியின் முதல் ஒத்ததிர்வு சுமார் 430 ஹெர்ட்ஸில் விழும். நாற்புறமும் இறுக ஒட்டினால் சுமார் 870-க்கு ஏறும். நிஜப் போன் இரண்டுக்கும் நடுவே, ஒட்டுநாடாவின் மென்மையைப் பொறுத்து எங்கோ நிற்கும். அதற்குக் கீழே கண்ணாடி ஒரு விறைப்பான மூடி மட்டுமே. தள்ளினால் கொஞ்சம் குழியும், அவ்வளவுதான்.

இப்போது 55 அங்குலத் தொலைக்காட்சிக்குப் போவோம். 1.4 மி.மீ. கண்ணாடி என்று வைத்தால் முதல் ஒத்ததிர்வு சுமார் 10 ஹெர்ட்ஸ். 300 ஹெர்ட்ஸில் அகலத்துக்குள் ஐந்தாறு அலைகள் அடங்கும். ஒத்ததிர்வுகள் நெருங்கி நெருங்கி வரும். ஒன்றின் பள்ளத்தை மற்றொன்றின் மேடு நிரப்பும். பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எங்கே தட்டினாலும் ஒரு முழுமையான ஓசை வரும். சின்னக் கிண்ணம் தன் ஒற்றைச் சுருதியை மட்டும் சொல்லும். 2017-இல் சோனி ஏ1 ஓஎல்இடி தொலைக்காட்சி பேனலின் முதுகில் அதை அதிரவைக்கும் இயக்கிகளை வைத்துத் திரையிலிருந்தே ஒலியை வரவழைத்தது. 2018-இன் ஏஎஃப்9 நடுவிலும் ஓர் இயக்கியைச் சேர்த்தது. பேசுபவரின் வாய் இருக்கும் இடத்திலிருந்தே குரல் வரும் அனுபவம் அங்கே உண்மையிலேயே கிடைத்தது. அப்படியும் தாழ்ந்த ஓசைகளுக்கு அவர்கள் பேனலை நம்பவில்லை. ஏ1-இன் சப்வூஃபர் பின்பக்கத் தாங்கியில் இருக்கிறது. இத்தனை பெரிய திரைக்கே தனி வூஃபர் வேண்டியிருக்கும்போது 6 அங்குலத் திரையிடம் எதை எதிர்பார்ப்பது?

இன்னொரு தடை, பலரும் கணக்கில் எடுக்காதது. வளைவு அலையின் வேகம் காற்றில் ஒலியின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை பலகை சரியாக ஒலி வீசாது. அருகருகே உள்ள மேடும் பள்ளமும் காற்றை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு ஓசையை அழித்துவிடும். 0.7 மி.மீ. கண்ணாடிக்கு இந்த எல்லை சுமார் 17,000 ஹெர்ட்ஸ். பேச்சு முழுவதும் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆக, ஒலி பெரும்பாலும் விளிம்பிலிருந்தும் இயக்கியைச் சுற்றிய சிறு வட்டத்திலிருந்தும் மட்டுமே வரும்.

காந்தத்துக்கு மாறியவர்கள்

திரையை அதிரவைக்கும் ஆசை 2016-இல் பிறந்ததல்ல. கியோசெரா 2012-லேயே பீசோவால் திரையை அதிரவைத்து, இரைச்சலான இடத்திலும் குரல் கேட்கும் போனை ஜப்பானில் விற்றது. ஷார்ப் 2014-இல் அக்வோஸ் கிரிஸ்டல் என்ற 5 அங்குல மெல்விளிம்பு போனில் இயர்பீஸ் துளையை எடுத்துவிட்டு அதே வகை ஏற்பாட்டை வைத்தது. மி மிக்ஸின் அனுபவத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஃபிரேமை விட்டு, திரையின் முதுகில் இயக்கியை ஒட்டினார்கள். 2018 ஜூனில் விவோ நெக்ஸ், 2019 பிப்ரவரியில் எல்ஜி ஜி8, மார்ச்சில் மின்காந்த இயக்கியோடு ஹுவாவே பி30 ப்ரோ.

காந்த இயக்கியில் காந்தத்தின் நிறைதான் எதிர்விசை கொடுக்கிறது. காந்தமும் அதன் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு உண்டு. அதற்கு மேலே விசை ஏறக்குறைய சீராக இருக்கும். கீழே, பீசோவைப் போலவே, எண்மத்துக்கு 12 டெசிபல் விழும். காந்தம் 1.5 கிராம், ஒத்ததிர்வு 200 ஹெர்ட்ஸ் என்று அமைத்தால் பேச்சு எல்லை முழுதும் மேல்பக்கம் வந்துவிடும். பீசோவைவிட இது தெளிவான முன்னேற்றம். ஆனால் காந்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து கொஞ்சம் உயரம் கேட்கும். மெலிந்த போனில் அந்த இடம் பேட்டரியின் பங்கிலிருந்துதான் வர வேண்டும்.

ஒட்டும் இடமும் தகராறு. பலகை ஸ்பீக்கர் செய்பவர்கள் இயக்கியை நடுவில் வைக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தில் 4/9, மறுபக்கத்தில் 3/7 என்ற மாதிரி விலக்கி வைப்பார்கள். நடுவில் வைத்தால் பாதிக்கு மேற்பட்ட ஒத்ததிர்வுகளின் அசையாக் கோடு அங்கேயே விழும். போனிலோ காது வருவது மேல் நடுவில். காதுக்கு நேரே வைத்தால் பலகைக்குக் கேடு, பலகைக்கு ஏற்ற இடத்தில் வைத்தால் காதுக்குத் தூரம். இரண்டில் காதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தார்கள்.

அதன் பிறகு ஈக்குவலைசரால் சரிக்கட்டப் பார்ப்பது இயல்பு. மேடுகளைத் தட்டலாம், தவறில்லை. பள்ளங்களை நிரப்பக் கூடாது. 12 டெசிபல் ஏற்றினால் 16 மடங்கு சக்தி போகும். அந்தப் பள்ளம் காதை 1 செ.மீ. நகர்த்தினால் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆய்வகத்தில் அதிர்வெண்வாரியாக ஒலியளவைக் காட்டும் கோடு நேராகத் தெரியும், கையில் பிடித்தவருக்கு ஒன்றும் மாறியிருக்காது.

கடைசி அடி ஸ்டீரியோவிலிருந்து வந்தது. போனைப் படுக்கவைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வேண்டும். திரை இயக்கியால் அவ்வளவு உரக்கப் பாட முடியாது. ஹுவாவே பி30 ப்ரோவிலும் அடுத்த ஆண்டின் பி40 ப்ரோவிலும் ஒலிபெருக்கி கீழே மட்டும்தான். 2021-இல் பி50 ப்ரோவில் மேல்-கீழ் ஸ்டீரியோ வந்தபோது மேலே மறுபடி காற்று வழி வந்தது.

பிளவின் அகலம்தான் எல்லாம்

பிளவு என்றதும் அழகுக் குழு 0.2 மி.மீ. கேட்கும், ஒலிக் குழு 0.5 கேட்கும். சண்டைக்குக் காரணம் இருவருடைய பிடிவாதமும் அல்ல, காற்றின் பிசுபிசுப்பு.

குறுகிய வழியில் காற்று அசையும்போது சுவரை ஒட்டிய மெல்லிய படலம் இழுபடும். அந்தப் படலத்தின் தடிமன் 1,000 ஹெர்ட்ஸில் 0.07 மி.மீ., 300 ஹெர்ட்ஸில் 0.13 மி.மீ. 0.2 மி.மீ. பிளவில் இரு சுவர்ப் படலங்களும் 300 ஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். நடுவில் தாராளமாக அசையும் காற்றே இருக்காது. தடை அகலத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். 0.4-ஐ 0.2 ஆக்கினால் தடை இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகும். 0.3-க்குக் கீழே போவது வீண்வம்பு என்பது நம் கணிப்பு. அழகுக் குழு அதற்கும் கீழே கேட்டால், பிளவை நீளத்தில் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம்: 12 மி.மீ.க்குப் பதில் 18.

அடுத்தது முன்னறை, அதாவது இயர்பீஸ் சவ்வுக்கும் பிளவுக்கும் இடைப்பட்ட காற்று. இது பிளவோடு சேர்ந்து, குப்பியின் வாயில் ஊதினால் வரும் ஓசை போல, ஓர் ஒத்ததிர்வு தரும். பிளவு 0.4க்கு 12 மி.மீ., ஆழம் 2.5 மி.மீ. (முனைத் திருத்தம் சேர்த்து 3.5), முன்னறை 0.08 கன செ.மீ. என்றால் ஒத்ததிர்வு சுமார் 7,100 ஹெர்ட்ஸ். அகலக்கற்றைக் குரல் அழைப்பின் மேல் எல்லை 7,000 என்பதால் இது பொருத்தமான இடம்: உச்சத்தில் ஒரு சின்ன ஏற்றம், அதற்கு மேல் தானாக இறக்கம். அதே முன்னறையோடு பிளவு 0.2 ஆனால் ஒத்ததிர்வு 5,000-க்கு இறங்கும். ச, ஸ ஓசைகள் மங்கும். பிளவைக் குறுக்கியவர் முன்னறையையும் பாதியாக்க வேண்டும். பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிளவுக்குப் பின்னால் தூசு வலை. வலையின் தடையை ரேல் என்ற அலகில் குறிப்பார்கள். பிளவே குறுகலாக இருக்கும்போது அதன்மேல் அதிகத் தடையுள்ள வலை போட்டால் இரண்டும் கூடிக் குரலை நசுக்கும். குறுகிய பிளவு என்றால் 50 ரேலுக்குக் கீழே உள்ள வலை, அதுவும் பிளவின் வாயில் அல்லாமல் இயர்பீஸின் முகப்பில், பரப்பு அகலமாக இருக்கும் இடத்தில். வாயில் ஒட்டினால் பசை வழிந்து பாதித் துளையை மூடும்.

அடுத்தது சீல். முன்னறைக் காற்று போனின் உள்ளே கசிந்தால், சவ்வின் முன்பக்கமும் பின்பக்கமும் கைகுலுக்கிக்கொள்ளும். 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கரைந்து போகும். கூடவே ஒலிவாங்கிக்கு உள்வழியாக எதிரொலி போகும். அழைப்பின் மறுமுனையில் இருப்பவர் தன் குரலையே கேட்பார். 0.5 மி.மீ. நுண்துளை ஃபோம் வளையத்தை 0.3 மி.மீ. வரை அமுக்குவது பாதுகாப்பான அளவு. இன்னும் அமுக்கினால் ஃபோம் திரையை உந்தும், எல்சிடி பேனலில் மேல்விளிம்பில் வெளிறிய புள்ளி தெரியும். குறைத்தால் போன் ஒருமுறை கீழே விழுந்ததும் சீல் நழுவும்.

கீழே உள்ள ஸ்பீக்கர்

மெலிவின் விலையை அதிகமாகக் கொடுப்பது கீழ் ஸ்பீக்கர்தான். 11க்கு 15 மி.மீ. ஸ்பீக்கர், இயங்கு பரப்பு 1.2 சதுர செ.மீ., அசையும் நிறை 0.08 கிராம், திறந்தவெளியில் ஒத்ததிர்வு 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால்: பின்னறை (சவ்வுக்குப் பின்னால் அடைத்த காற்றிடம்) 1 கன செ.மீ. தந்தால் ஒத்ததிர்வு சுமார் 900 ஹெர்ட்ஸுக்கு ஏறும், 0.6 தந்தால் 1,110. அடைத்த காற்று, சவ்வின் சொந்த ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு விறைப்பானது. ஸ்பீக்கரை மாற்றிப் பயனில்லை, அறைதான் வேண்டும்.

அறை கிடைக்காதபோது, காற்றை உறிஞ்சி விடும் சியோலைட் குருணையைப் பின்னறையில் நிரப்புவார்கள். அழுத்தம் ஏறும்போது குருணை காற்று மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், இறங்கும்போது விடும். அறை பெரிதானது போல ஸ்பீக்கருக்குத் தோன்றும். 1 கன செ.மீ. அறை ஒன்றரையாகத் தோன்றினால் ஒத்ததிர்வு 900-லிருந்து 770-க்கு இறங்கும். அதற்குக் கீழே 2.7 டெசிபல் லாபம். ஈரம் ஏறிய குருணை செத்த குருணை. வலைப் பொதி கிழிந்து ஒரு குருணை சவ்வில் பட்டால் கரகரப்பு நிரந்தரம்.

இதற்கு மேல் லாபம் ஆம்ப்ளிஃபயரிலிருந்துதான் வரும். சவ்வு 0.5 மி.மீ. உச்சம் அசைந்தால் 10 செ.மீ. தூரத்தில் 1,000 ஹெர்ட்ஸில் 98 டெசிபல், 500-இல் 86, 250-இல் 74. கீழே போகப்போக அசைவு எல்லை கழுத்தைப் பிடிக்கும். ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபயர், சவ்வை அசைக்கும் செம்புச் சுருளின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நொடிக்கு நொடி அளந்து, அசைவு எல்லையைத் தொடாமலும் சுருள் கருகாமலும் ஓரம்வரை ஓட்டும். வெப்பம் அறிய தனி உணரி வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 விழுக்காடு ஏறும். 25 டிகிரியில் 8 ஓம் இருந்த சுருள் 10.5 ஓம் காட்டினால் அது 105 டிகிரியில் இருக்கிறது. இந்தக் கணக்கு தொடக்க மின்தடையைச் சரியாகப் பதிந்து வைத்தால்தான் நிற்கும்.

ஸ்டீரியோவில் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கீழ் ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்பி, மேல் இயர்பீஸை அந்தச் சுமையிலிருந்து விடுவிப்பது நல்லது. இல்லாவிட்டால் சின்ன சவ்வு வாயை மீறிக் கத்தி உடையும். 150 ஹெர்ட்ஸ் தாளத்துக்குப் பதில் அதன் மடங்குகளான 300, 450, 600 ஹெர்ட்ஸைச் சேர்த்து மூளையை ஏமாற்றும் உத்தியும் உண்டு. மிதமாகப் போட்டால் உறுத்தாது.

சோதனை மேசையில்

திரையின் ஒலியைத் திறந்த வெளியில் அளந்து பெருமைப்படுவதில் பயனில்லை. போன் காதில் அழுந்தியிருக்கும். மொபைல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் சோதனை விதிகளில் செயற்கைத் தலையின் காதில் போனை 8 நியூட்டன் விசையில் அழுத்துவார்கள், ஏறக்குறைய 800 கிராம் எடை. அதிரும் கண்ணாடிக்கு இது நேரடித் தடை: ரப்பர் காது அமுக்கிய இடத்தில் அலை தணியும், கோடு உருமாறும். பிளவு இயர்பீஸில் காது மூடினால் உள்ளே அடைபட்ட சிறு அறையால் கீழ்ப்பகுதி ஏறவே செய்யும். ஒரே அழுத்தம் ஒன்றுக்குக் கேடு, மற்றொன்றுக்கு நன்மை.

மேசையில் செய்ய வேண்டிய வரிசை: முதலில் 100 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சைகையை இரு ஒலி உரத்தில் ஓட்டிக் கோடு எடுப்பது. குறைந்த உரத்தில் நன்றாக இருந்து அதிக உரத்தில் மட்டும் 300 முதல் 600-க்குள் குச்சிகுச்சியாக முளைத்தால் எங்கோ கேபிளோ ஃபோமோ தளர்ந்து உரசுகிறது. பிறகு பிளவை விரலால் மூடிப் பார்ப்பது: மூடியும் கீழ்ப்பகுதி மாறவில்லை என்றால் சீல் கசிகிறது. கடைசியாக 1 மீட்டர் தூரத்தில் வழிச்சல், அதாவது வெளியே கசியும் ஒலியின் அளவு. திரை இயக்கியுள்ள போனில், கண்ணாடிக் காப்பு ஒட்டி ஒருமுறை, ஒட்டாமல் ஒருமுறை அளக்க வேண்டும். 0.3 மி.மீ. காப்பும் அதன் பசையும் நிறையைக் கூட்டி ஒத்ததிர்வை நகர்த்தும். வாங்கியவர் காப்பு இல்லாமல் போனைத் தொடவே மாட்டார்.

திரை மாற்றும்போது

திரை மாற்றிய பின் "குரல் கேட்கவில்லை" என்று திரும்பி வரும் போன்களில் பெரும்பகுதி இதே பாடத்தின் பயிற்சிகள்தான். திரை இயக்கி உள்ள மாடலில் இயக்கி பழைய டிஸ்ப்ளேயின் முதுகில் ஒட்டியிருக்கும். புதிய காம்போவுக்கு (டிஸ்ப்ளேயும் கண்ணாடியும் சேர்ந்த உறுப்புக்கு) மாற்றும்போது மென்மையான இருபக்க டேப்பால் ஒட்டினால் டேப்பே அதிர்வைத் தின்றுவிடும், 0.1 மி.மீ. கடினப் பசை நாடா வேண்டும், ஒட்டும் இரு முகமும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும், ஒட்டியதும் 24 மணி நேரம் ஆறவிட வேண்டும். இயக்கியின் பின்பக்கம் ஃபிரேமைத் தொடக் கூடாது. ஒரு தாள் தடிமன் இடைவெளியாவது இருக்க வேண்டும். தொட்டால் அதிர்வு முழுவதும் ஃபிரேமுக்குப் போய், மி மிக்ஸின் வழிச்சல் மறுபடி பிறக்கும்.

பிளவு உள்ள மாடலில் தவறு பசையில் நடக்கிறது. திரை ஒட்டும் பி-7000 வகைக் கம்மை மேல்விளிம்பில் சுற்றி விடும்போது இயர்பீஸ் பிளவின் 12 மி.மீ.யை விட்டுவிட்டுப் போக வேண்டும்; அங்கே கம் இழை விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. படலம் போதும், தடை பல மடங்காகும். விற்பனைக்கு வரும் மலிவுக் காம்போக்கள் சிலவற்றில் மேல்விளிம்பு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். உட்காரவைத்ததும் பிளவு தானாகக் குறுகும். ஒட்டுவதற்கு முன் காம்போவை வெறுமனே பொருத்தி, தடிமன் அளவுகோலின் 0.3 மி.மீ. தகடு பிளவில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வலை அடைந்திருந்தால் ஊசியால் குத்தக் கூடாது. கிழிந்த வலை வழியே இரும்புத் தூள் போய் காந்தத்தில் ஒட்டும். போனைக் கவிழ்த்துப் பிடித்து, மென்மையான உலர்ந்த பிரஷால் நீளவாக்கில் தட்டினால் தூசு கீழே விழும். எண்ணெய்ப் பசை இருந்தால் பிரஷ் முனையை மட்டும் ஐபிஏவில் தொட்டு எடுத்து, பிழிந்து, அப்புறம் தேய்க்க வேண்டும். நேராக ஊற்றினால் சவ்வின் ஓரப் பசை இளகும்.

கீழ் ஸ்பீக்கரை மாற்றிய பிறகு உரம் குறைந்தால் புதிய ஸ்பீக்கரை உடனே குறை சொல்லக் கூடாது. மல்டிமீட்டரில் பழையதன் மின்தடையும் புதியதன் மின்தடையும் பார்க்க வேண்டும். பழையது 7.2 ஓம், புதியது 8.3 ஓம் என்றால், தொழிற்சாலையில் பதிந்த அளவோடு ஒப்பிடும் ஆம்ப்ளிஃபயர் சுருள் ஏற்கெனவே 40 டிகிரி சூடாக இருப்பதாக எண்ணி அடக்கி வாசிக்கும். சில மாடல்களில் சேவை மெனுவில் மறு அளவீடு செய்யும் வசதி உண்டு. போனை அறை வெப்பத்தில் அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு, அமைதியான இடத்தில் அதை ஓட்ட வேண்டும். வசதி இல்லாத மாடலுக்கு 0.3 ஓமுக்குள் பொருந்தும் ஸ்பீக்கரைத் தேடிப் போடுவதுதான் வழி.